“யாரு குடுத்தா?” – பழைய துணி பற்றிச் சில குறிப்புகள்

சென்னையிலிருந்து தோழி ஒருவர் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்க வந்திருந்தார். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிற கோட்டைதான். 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் இன்னொரு பக்கம் நின்று அடித்துக்கொண்ட இடம். ஏறி இறங்கிவிட்டு வெயில் தாளாமல் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தோம். அவர் போட்டிருந்த கைத்தறிக் குர்தாவை அம்மா ஓரத்தில் தொட்டுப் பார்த்து, துணி நல்லாருக்கே என்றாள். தோழி கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: “இது பழசும்மா. வேற யாரோ போட்டது. நான் இப்பல்லாம் புதுசே எடுக்கறதில்ல.” அம்மா கையை எடுத்துக்கொண்டாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு துக்க வீட்டில் விசாரிக்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “யாரு குடுத்தா பாப்பா?”

“யாரும் குடுக்கலம்மா. வாங்கினேன்.”

“அதான், யாருகிட்ட வாங்கின?”

இருவரும் ஒரே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை. இதை இரண்டு தலைமுறைகளுக்கு இடையிலான இடைவெளி என்றோ, நகரம் × கிராமம் என்றோ எளிதாக எழுதிவிட்டுப் போகலாம். அப்படி எழுதினால் சொல்லுக்குள் இருப்பது தப்பிவிடும்.

‘வாங்குதல்’ என்பது தமிழில் விசித்திரமான வினை. கடையில் அரிசி வாங்குகிறோம். பண்ணையில் கூலி வாங்குகிறோம். கடன் வாங்குகிறோம், பிச்சை வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், பேச்சும் வாங்குகிறோம். காசை வைத்துவிட்டு எடுத்துக்கொள்வதற்கும் முந்தானையை விரித்து ஏந்திக்கொள்வதற்கும் ஒரே சொல். பிரித்துக் காட்ட வேண்டுமானால் ‘வெலைக்கு வாங்கினது’ என்று முன்னால் ஒரு அடை போட வேண்டியிருக்கிறது. பெறுகிற வினைக்கு இப்படி ஒரே சொல்லோடு சிக்கனமாக இருந்துவிட்ட மொழி, கேட்கிற வினைக்கு மட்டும் மூன்று படிகள் கட்டி வைத்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியலில், கேட்பவன் தாழ்ந்தவனானால் ‘ஈ’ என்பான், ஒத்தவனானால் ‘தா’ என்பான், உயர்ந்தவனானால் ‘கொடு’ என்பான் என்று வகுத்திருப்பதைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் உருப்போட்டிருப்போம். எம்.ஏ. பரீட்சையில் நானும் இதைச் சொல்மரபு என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். (அங்கேயும் வாங்கல்தான்.) கையேந்தும்போது எந்த உயரத்தில் நிற்கிறாய் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும் ஏற்பாடு அது என்று அப்போது உறைக்கவில்லை. தோழியின் ‘வாங்கினேன்’ சந்தையிலிருந்து வருகிறது. அம்மாவின் ‘வாங்கின’ பண்ணையிலிருந்து வருகிறது. பழைய துணியைப் பற்றி இப்போது நடக்கிற பேச்சுகளில் எல்லாம் – தரமான பழசை வாங்குங்கள், புதுசை விடுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் – இந்த இரண்டாவது வினை காணாமல் போயிருக்கிறது.

நான் ஆறாவது படித்த வருஷம். தீபாவளிக்கு முன்னால் பெரிய வீட்டில் வெள்ளையடித்துக் கழுவிவிடுகிற வேலைக்கு அம்மா போவாள். அந்த வீட்டம்மா நல்ல மாதிரிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை முடிந்து வரும்போது முறுக்கும் ஒரு துணி மூட்டையும் கொடுத்தனுப்பினார்கள். அதில் நீலக் கட்டம்போட்ட சட்டை ஒன்று, கிழியாதது, எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே போட்டுக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பையன் என் வகுப்புதான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, “டேய், அது என் சட்டைடா. பாக்கெட்டுக்கு உள்ள பாரு, என் பேனா ஒழுகின கறை இருக்கும்” என்றான். உள்ளே திருப்பிப் பார்த்தேன், இருந்தது. அவன் கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பழகிய ஒரு பொருளை எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் அவன் உண்மையைத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அந்தச் சட்டை கிழிகிற வரைக்கும் அதை நான் போட்டிருந்தேனா, அது என்னைப் போட்டிருந்ததா என்று தெரியவில்லை. அவன் உடம்பு முதலில் நுழைந்து அகலப்படுத்தி வைத்த தோளுக்குள், கைக்குள், என் உடம்பு பிற்பாடு நுழைந்திருக்கிறது. வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால்கூட பாக்கெட் மேல் கையை வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்பேன்.

பிறகு திருச்சியில் படிக்கும்போது நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பழைய சட்டைகளைக் குவித்து விற்கிற ஒருவரிடம் முப்பது ரூபாய்க்கு வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்தேன். அதற்கும் முன்னால் ஓர் உடம்பு இருந்திருக்கிறது. காலரில் எந்த ஊரென்றே தெரியாத டெய்லர் கடைச் சீட்டு தைத்திருந்தது. ஆனால் அந்த யாரோ என்னை நடுத்தெருவில் நிறுத்தி “டேய்” என்று கூப்பிட முடியாது. முப்பது ரூபாயை வைத்ததும் அவன் செத்துப் போனான், அல்லது நான் பிறந்தேன். பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்திருக்கலாமே என்ற வருத்தம்தான் ரூமுக்குத் திரும்புகிற வரைக்கும் இருந்தது. அந்த வருத்தம் எவ்வளவு கௌரவமானது என்பது, இனாமாகக் கிடைத்ததையே உடுத்தி வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் மார்க்சின் கோட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. 1852 பிப்ரவரியில் ஏங்கல்சுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கோட்டுகள் அடகுக்கடையில் இருப்பதால் வீட்டைவிட்டு வெளியே போக முடியவில்லை என்கிறார் மார்க்ஸ். பீட்டர் ஸ்டாலிபிராஸ் 1998இல் எழுதிய ‘மார்க்சின் கோட்டு’ என்ற கட்டுரை இதிலிருந்துதான் நூல் பிடிக்கிறது: கோட்டு அடகுக்குப் போனால் பிரிட்டிஷ் மியூசிய வாசகசாலைக்குக் கௌரவமாகப் போக முடியாது, அங்கே போக முடியாவிட்டால் ஆராய்ச்சி நடக்காது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் அத்தியாயத்தில் இருபது கெஜம் லினன் துணிக்கு ஒரு கோட்டு சமம் என்ற சமன்பாடு வருகிறபோது, அந்தக் கோட்டில் ஆள் இல்லை. பண்டமாகிவிட்ட கோட்டு தன்னைத் தைத்த கைகளை மறைத்துவிடுகிறது. மனிதர்களுக்கு இடையில் உள்ள உறவு பொருள்களுக்கு இடையில் உள்ள உறவுபோலத் தோற்றம் கொள்கிறது. நம் மார்க்சியர்கள் இதை ஒப்பாரியாகவே பாடிப் பழகிவிட்டார்கள். உறவு மறைகிறதே, மனிதம் மறைகிறதே என்று. எந்த உறவு என்று கேட்க வேண்டாமா? பேனாக் கறையோடு வருகிற உறவா? பண்டம் மறதியைத் தருகிறது என்றால், அந்த மறதியை விலை கொடுத்தாவது வாங்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் உண்டு. தைத்தவளின் கை மறைவது வேறு, கொடுத்தவனின் கை மறைவது வேறு. முதலாவதை மீட்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவது மறையட்டும்.

பழைய துணி கீழே போவது ஏதோ ஏழ்மையின் இயல்பான விளைவு, இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கிறான், இதில் என்ன சாதி என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். மனுவை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். நான்காம் அத்தியாயம் 66ஆம் சுலோகம் இருபிறப்பாளனுக்குச் சொல்கிறது: பிறர் பயன்படுத்திய செருப்பு, துணி, பூணூல், நகை, மாலை, செம்பு இவற்றைப் பயன்படுத்தாதே. பத்தாம் அத்தியாயம் 125 சூத்திர ஊழியனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று பட்டியலிடுகிறது: மிச்சச் சோறு, பழைய துணி, பதர், பழைய தட்டுமுட்டுச் சாமான். அதே அத்தியாயம் 52 சண்டாளனுக்கு ஒதுக்கியிருப்பது பிணத்தின் துணி. ஒரே துணி. களைகிறவனுக்கு அது தீண்டத்தகாதது, ஏற்கிறவனுக்கு அது விதிக்கப்பட்டது. துணி நைந்துபோனதால் கீழே வரவில்லை. கீழே ஒருவன் இருக்கிறான் என்பதை அறிவிப்பதற்காக வருகிறது. எச்சில் சோறும் பழந்துணியும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வாயில் பட்டது எச்சில் என்றால் உடம்பில் பட்டதும் ஒருவகை எச்சில்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழசைக் கொடுக்கிற சமூகமே புதுசைப் போட்டால் அடிக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் தம் புத்தகத்தில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது, கோட்டு சட்டை பனியன் போடக்கூடாது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1921 செப்டம்பர் 22இல், பக்கத்து மதுரையில் காந்தி சட்டையைக் களைந்து அரைத்துணிக்கு மாறினார். ஆறு வருஷங்கள் கழித்து, 1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்திய மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியது சேலையை எப்படிக் கட்ட வேண்டும் என்பதைப் பற்றி. சிலைகளில் இன்றைக்கும் அவர் நீலக் கோட்டோடுதான் நிற்கிறார், அது யாரும் போட்டுக் களைந்து கொடுத்த கோட்டு மாதிரி இல்லை. புதுசை மறுக்கிற எளிமை எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையல்ல என்பதைச் சொல்ல இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சரி, பழசு என்றாலே அவமானமா? இல்லை. எங்கள் ஊரில் பழைய டி.வி.எஸ் 50 வாங்காத வீடு குறைவு. பழைய டிராக்டர், பழைய மோட்டார், பழைய பீரோ எதற்கும் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. “ஒரு கை ஓட்டின வண்டி, வாத்தியார் வண்டி” என்று முன்னால் இருந்தவரைப் பெருமையாகச் சொல்லியே விற்கிறார்கள். தங்கத்துக்கு எத்தனை கழுத்து மாறியது என்று கேட்கிற வழக்கமே இல்லை. அப்படியானால் சிக்கல் பழசில் இல்லை, பொருளின் தோலில் இருக்கிறது. லூயி துய்மோன் ‘ஹோமோ ஹைரார்க்கிகஸ்’ நூலில் (1966) இதைத் தொட்டுக்காட்டுகிறார்: உலோகப் பாத்திரம் தேய்த்தால் சுத்தமாகிவிடும், மண்பாத்திரத்தை உடைத்துப்போட வேண்டும், பட்டில் தீட்டு அவ்வளவாக ஒட்டாது, பருத்தியில் ஒட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் பாட்டிமார் நூல் படிக்காமலே கடைப்பிடித்த விஞ்ஞானம் இது. ஏழையிடம் இருப்பது மண்பானையும் பருத்தித் துணியும். எளிதில் தீட்டாகிற பொருள்கள் எல்லாம் அவனுடையவையாகவும், தேய்த்தால் போய்விடுகிற பொருள்கள் எல்லாம் இருப்பவனுடையவையாகவும் இருப்பது தற்செயலா என்று துய்மோன் கேட்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

உலோகத்திலும் ஒரு விஷயம் உண்டு. பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நம் வழக்கம். கல்யாணச் சீர் என்றால் பெண்ணின் பெயர், தேதி, சில சமயம் ஊர்கூட. அடகில் மூழ்கியோ, கஷ்டத்தில் எடைக்குப் போட்டோ அவை கடைக்கு வரும். அங்கிருந்து வேறு வீட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. அதில் யாரோ ஒரு பெண்ணின் பெயரும் கல்யாணத் தேதியும் இருக்கின்றன. நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தவலையையே குறிப்பிடுவோம். ‘அவள எடுத்துட்டு வா, தண்ணி புடிக்கணும்’ என்று. அவள் யார், எந்தக் கஷ்டத்தில் தவலையை விற்றாள் என்று நினைத்துப் பார்த்ததுண்டு. ஆனால் ஒருநாளும் அவள் எங்களைக் கூசவைத்ததில்லை. பெயரே வெட்டியிருந்தும் அவள் கொடுத்தவள் ஆகவில்லை. நாங்கள் எடை போட்டுக் காசு கொடுத்தவர்கள்.

வண்டிக்கு ஆர்.சி. புக்கில் பேர் மாற்றிக்கொள்ளலாம். துணிக்கு அந்த வசதி இல்லை. (மறுமணம் செய்துகொண்ட பெண்ணைப் பற்றி ‘செகண்ட் ஹேண்ட்’ என்று நமட்டுச் சிரிப்போடு பேசுகிற ஆண்கள், வண்டி விஷயத்தில் அப்படிச் சிரிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். பெண் உடம்பை அவர்கள் பருத்தி வகையில் வைத்திருக்கிறார்கள்.)

உடம்புக்கும் துணிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார், வண்ணார். எங்கள் ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் கொஞ்சம் வடக்கே போனால் இமையத்தின் மண் வந்துவிடும். ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். தலித்துகளுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதையைச் சொல்லி, தலித்துகளையும் ஒடுக்குபவர்களாகக் காட்டலாமா என்பதுதான் பேச்சாக இருந்தது. அந்தச் சண்டையில் துணியே மறந்துபோயிற்று. அந்த நாவலை நான் துணியைப் பற்றிய பிரதியாகத்தான் வாசிக்கிறேன். ஆரோக்கியத்தின் கையில் எப்போதும் துணி இருக்கிறது, எப்போதும் அது மற்றவர்களுடையது. பிறப்பின் துணி, பூப்பின் துணி, சாவின் துணி எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகின்றன. ஊராரின் உடம்பு ரகசியங்களையெல்லாம் அறிந்த ஒருத்தி, அந்த ஊரின் வாசல்களில் இரவுச் சோற்றுக்கு நிற்கிறாள். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் ‘வாங்குதல்’ என்பதன் இரண்டாவது பொருளில்தான் கிடைக்கிறது. அவளுக்குச் சோறு போடுகிறவர்கள் பண்ணையில் அதே பொருளில் வாங்குகிறவர்கள். நாவலுக்கு வெளியே வந்து பார்த்தால், உருப்படிக்கு இவ்வளவு என்று எழுதிப்போட்ட சலவைக் கடை பெரிய புரட்சி. அங்கே யாரும் சோறு கொண்டுவந்து போடுவதில்லை.

மலபாரில் ‘வண்ணாத்தி மாற்று’ என்ற வழக்கம் உண்டு. தீட்டுக் கழிய வேண்டுமானால் உயர்சாதிப் பெண்ணும் வண்ணாத்தி கொண்டுவந்து தருகிற வெளுத்த துணியை உடுத்தியாக வேண்டும். அடுத்தவர் கையிலிருந்து வந்த துணியை மேலே இருப்பவர்கள் மறுக்காமல் உடுத்துவது இந்த ஓர் இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அங்கேகூட அவள் கொடுத்தாள் என்று யாரும் சொல்வதில்லை. ‘மாற்று’ என்று அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மீனவக் கிராமங்கள் பலவற்றில் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். சாலையோரங்களில் சட்டையும் சேலையும் கால்சராயும் மழையில் நனைந்து மலைமலையாகக் கிடந்ததைப் பத்திரிகைகளில் படமாகப் பார்த்தோம். கட்டிய துணியோடு கரையேறியவர்களுக்கு இவ்வளவு திமிரா என்று டீக்கடைகளில் பேச்சு நடந்தது. தில்லியில் இருந்து இயங்குகிற ‘கூஞ்ச்’ அமைப்பு அந்தக் கழித்த துணிகளைச் சேகரித்துத் தரம் பிரித்து, உதவுகிறவற்றை வேறு பயன்பாட்டுக்குக் கொண்டுபோனது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தா 2015இல் மகசேசே விருது பெற்றார். துணியைக் கொடுப்பதில் பெறுபவனின் கௌரவம் முதலில் வர வேண்டும் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவருவது.

அந்த மறுப்பை நான் கொண்டாடத்தான் நினைத்தேன். வீடு போயிற்று, வலை போயிற்று, பிள்ளை போயிற்று. இதற்கு மேலும் உன் பழந்துணியை வாங்கிக்கொண்டு உனக்குக் கீழே நிற்க மாட்டேன் என்கிற குரல் அதில் கேட்கிறது. ஆனால் காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனால் இன்னொரு குரலும் கேட்கும்: பழந்துணி வாங்குகிற சாதி நாங்கள் இல்லை. அதே கரையில் அதே மாதங்களில் தலித்துகளுக்கு நிவாரண முகாம்களிலும் பங்கீட்டிலும் நடந்த பாகுபாடுகளை உண்மையறியும் குழுக்கள் எழுதியிருக்கின்றன. மறுப்பு ஒன்றுதான். அதற்குள் சுயமரியாதையும் சாதிப் பெருமையும் பாவும் ஊடுமாக நெய்திருக்கின்றன. ஒன்றை மட்டும் உருவியெடுத்துக் கொடியேற்ற முடியவில்லை.

கொடுக்கிற கையை மறைக்க நம் மக்கள் ஏற்கனவே சில உபாயங்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் தெருவில் வருவார்களே, அது அப்படிப்பட்ட ஒன்று. நாலு சேலையும் ரெண்டு பேண்டும் போட்டால் ஒரு எவர்சில்வர் கிண்ணம். தானம் என்றால் யாருக்கு என்ற கேள்வி வரும்; மாற்று வியாபாரத்தில் அது வராது. தில்லியில் வாக்ரி சமூகப் பெண்கள் நடத்துகிற இந்தத் தொழிலைப் பற்றி லூசி நாரிஸ் 2010இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். வெளிநாட்டுப் பழங்கம்பளித் துணிகள் பானிப்பட்டுக்கு வந்து, கிழித்து நூலாக்கப்பட்டு மலிவுப் போர்வைகளாக மாறின. பாலியஸ்டர் வந்து அந்தத் தொழிலைச் சுருக்குகிற வரைக்கும் வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரணத்துக்குப் போனவை பெரும்பாலும் அவைதான். லண்டன்காரனின் கோட்டு இப்படி ஒரிசாக்காரனின் போர்வையானது. கானா நாட்டு அக்ரா நகரில் கண்டமாந்தோ சந்தையில் மேற்கத்தியப் பழந்துணி குவிகிறது. அங்கே அதற்கு வழங்கும் பெயர் ‘ஒப்ரோனி வாவு’, செத்த வெள்ளைக்காரனின் துணி. உயிரோடிருக்கிறவன் இவ்வளவு நல்ல துணியைக் களைவானா என்ற திகைப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. மனு சண்டாளனுக்கு எழுதிவைத்ததை உலக வர்த்தகம் ஒரு கண்டத்துக்கே நீட்டித்துவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016இல் இதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகச் சொன்னபோது அமெரிக்கா வரிச்சலுகையைக் காட்டி மிரட்டியது. ருவாண்டா மட்டும் பிடிவாதமாக நின்று 2018இல் ஆயத்த ஆடைகளுக்கான சலுகையை இழந்தது.

செத்தவன் துணி என்ற பயம் எங்கள் வீட்டிலும் உண்டு. திருச்சியில் வாங்கிய முப்பது ரூபாய்ச் சட்டையை அம்மாவிடம் காட்டியபோது, “எந்த எழவு வூட்டுதோ, எந்தச் சனி புடிச்சதோ” என்று வேப்பிலை போட்டு ஊறவைத்தாள். திருநள்ளாறு நளதீர்த்தத்தில் முழுகிவிட்டுக் கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்களே, சனியும் அதோடு போய்விடும் என்று. குளோரியா ராஹேஜா 1988இல் உத்தரப்பிரதேச கிராமம் ஒன்றை வைத்து எழுதிய நூலில் சொல்வதும் இதுதான்: தானம் கொடுப்பது அமங்கலத்தை இன்னொருவர் தலையில் இறக்கி வைப்பது. முகம் தெரிந்த கொடுப்பவன் போனால் முகம் தெரியாத பிணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே விலை கொடுத்தால் எல்லாம் கழுவிப்போகும் என்று நான் மேலே எழுதியதில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. அம்மா என்னளவுக்கு விலையை நம்பவில்லை. வேப்பிலையையும் சேர்த்துக்கொண்டாள்.

இப்போது ‘தரம்’ என்ற சொல்லுக்கு வருவோம். நல்ல நெசவு, நல்ல சாயம், இருபது வருஷம் தாங்கும், மட்டமான புதுசைவிட உசத்தியான பழசு மேல். கணக்கு சரிதான். ஆனால் பொங்கலுக்கு வருகிற விலையில்லாச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர் 1983இல் தொடங்கிய திட்டம். நூல் முரடு, சாயம் போகும், வேட்டியைத் திரை போட்டுவிட்டார்கள் என்று எவ்வளவோ பகடி. அம்மா வருஷம் தவறாமல் வரிசையில் நின்று வாங்குகிறாள். அதைப் பிரித்து முகர்ந்து பார்ப்பாள். கஞ்சி வாடை. யார் உடம்பும் அதற்குள் போனதில்லை என்பதற்கு அந்த வாடைதான் அத்தாட்சி. தோழியின் அளவுகோலில் அந்தச் சேலை தேறாது. அம்மாவின் அளவுகோலில் நெசவுக்கு முன்னால் வேறு ஒன்று அளக்கப்படுகிறது. சென்னையில், பெங்களூரில் இப்போது பழைய துணிக்கென்று அழகான கடைகள் வந்துவிட்டன. இன்ஸ்டாகிராமில் ஒவ்வொரு சேலைக்கும் பக்கத்தில் அதைக் கட்டியவரின் கதையையும் போடுகிறார்கள். பாட்டியின் சேலை, அத்தையின் கல்யாணம் என்று. கதையோடு வருகிற துணியை உடுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு, கதையோடு வந்த துணியால் கூசிப்போனவர்களைப் பற்றித் தெரியாமலிருக்க நியாயம் உண்டு. அவர்கள் இதை எளிய வாழ்க்கை என்று எங்களுக்குப் பாடம் எடுக்காமல் இருந்தால் போதும். நானும் பழசுதான் வாங்குகிறேன், சட்டை, புத்தகம், மேஜை எல்லாம். முடிந்தால் யாருடையது என்று சொல்லாத கடையில்.

பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற ஊர் இது. சீசனில் காட்டுப் பக்கம் போனால் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சோளத் தோகை கையைக் கிழிக்கும், பருத்திக்காயின் நுனி குத்தும், முழுக்கைச் சட்டை வேண்டும். உலகத்துக்கே பஞ்சு எடுத்துக் கொடுக்கிற கைகள் வீட்டு ஆண்கள் போட்டுக் களைந்த சட்டைக்குள் இருக்கின்றன. அம்மா போட்டுக்கொண்டு போவது என்னுடைய அந்த முப்பது ரூபாய்ச் சட்டையை. காலர் நைந்து டெய்லர் சீட்டு எப்போதோ விழுந்துவிட்டது. அதை யார் கொடுத்தது என்று அவளை யாரும் கேட்பதில்லை.

தோழி அன்று சாயந்திரம் கிளம்புவதற்கு முன்னால் கடையைப் பற்றி அம்மாவுக்கு விளக்கினார். யாரோ கொண்டுவந்து போடுகிறார்கள், கடைக்காரர்கள் துவைத்து இஸ்திரி போட்டு விலைச்சீட்டு மாட்டி வைக்கிறார்கள், நாம் போய்ப் பார்த்து எடுக்கிறோம், அவ்வளவுதான். விலைச்சீட்டு என்றதும் அம்மாவின் முகம் மாறியது.

“எவ்வளவு?”

“நானூத்தம்பதும்மா.”

“நானூத்தம்பதா! பெரம்பலூர்ல புதுசே முந்நூறுக்கு எடுக்கலாமே. பழசுக்குப் போயி நானூத்தம்பது குடுத்திருக்கியே, உன்ன நல்லா ஏமாத்திட்டானுவ பாப்பா” என்று கிட்டே வந்து, குர்தாவின் கழுத்துப் பட்டியைத் திருப்பி உள்தையலைப் பார்க்க ஆரம்பித்தாள்.